புரொடக்‌ஷன் மானேஜருக்கு வேலை உண்டு, உத்தரவாதம்தான் இல்லை!

சினிமா ஆசையில் ஊரை விட்டு ஓடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஹீரோ ஆக வருகிறார்கள். மீதிப் பேர் டைரக்டர் ஆக வருகிறார்கள். புரொடக்‌ஷன் மானேஜர் ஆக வேண்டும் என்று யாரும் எழும்பூரில் வந்து இறங்குவதில்லை.

ஆனால் கோடம்பாக்கத்தில் வேலைக்கு ஆள் தேடுவது என்னவோ இந்த மானேஜருக்குத்தான்!

கணக்குப் பார்த்தால் புரியும். இப்போது ஆண்டுக்கு 200 தமிழ்ப் படங்களுக்கு மேல் ரிலீஸ் ஆகின்றன. ஓடுகிற படம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மானேஜர் வேண்டும். இது தவிர டி.வி. சீரியல்கள், ஓ.டி.டி. தொடர்கள், விளம்பரப் படங்கள். கேமரா வைக்கிற இடத்தில் எல்லாம் இவர் வேண்டும்.

ஆக, வேலைக்குப் பஞ்சம் இல்லை. பிறகு என்ன குறை?

வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு எழுத்தில் ஒரு வரி இல்லை. அதுதான் குறை. பலருக்கு எல்லாம் வாய்ப்பேச்சு. "படம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பதே ஒப்பந்தம். கோடிக்கணக்கில் செலவு செய்கிறவரின் சொந்தச் சம்பளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இந்த நிலை மாறாத வரை நல்ல பையன்கள் இந்தத் தொழிலுக்கு வர மாட்டார்கள். வந்தாலும் நிலைக்க மாட்டார்கள். அதனால் வரும் நஷ்டம் கடைசியில் முதலாளியின் தலையில்தான் விடியும்.

என்னதான் வேலை இது?

டைட்டிலில் "தயாரிப்பு நிர்வாகம்" என்று ஒரு பெயர் வந்து போகும். தியேட்டரில் அப்போதுதான் ஜனங்கள் சீட் நம்பர் தேடிக்கொண்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

அந்தப் பெயருக்கு உரியவர் விடியற்காலை 4 மணிக்கே எழுந்து விட்டவர். கம்பெனி வண்டிகள் கிளம்பினவா? லைட் வந்ததா? ஜெனரேட்டருக்கு டீசல் போட்டாச்சா? நூறு, நூற்றைம்பது பேருக்கு டிபன் தயாரா? சைவம் எத்தனை, அசைவம் எத்தனை? ஹீரோயின் தங்கியிருக்கிற ஓட்டலுக்குக் கார் போச்சா? மழை வந்தால் உள்ளே எடுக்கிற சீன் எது? துணை நடிகர்கள் 60 பேர் சொன்ன இடத்தில் 48 பேர்தான் வந்திருந்தால், ஏஜெண்டிடம் யார் கேட்பது?

எல்லாம் இவர்தான். "மானேஜர் சார்" என்று ஒரு குரல். "அண்ணே, தண்ணி கேன் தீர்ந்துடுச்சு" என்று இன்னொரு குரல். போனில் முதலாளி: "இன்னிக்கு என்னய்யா இவ்வளவு செலவு?"

சாயங்காலம் பேக்-அப் ஆனதும் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. இவருக்கு அப்போதுதான் இன்னொரு வேலை ஆரம்பம். பேட்டா பட்டுவாடா. வவுச்சர் கையெழுத்து. வாடகை பாக்கி. நாளைய கால்ஷீட். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் படுக்கும்போது மறுநாள் பிறந்திருக்கும்.

ஒரு நாள் ஷூட்டிங் நின்றால் லட்சங்கள் போகும். பெரிய படம் என்றால் இன்னும் அதிகம். அது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இவர் தொழில். நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியாது. நின்று போனால் ஊருக்கே தெரியும்.

மாதச் சம்பளம் போன கதை

ஒரு காலத்தில் இந்த வேலை நாற்காலி உத்தியோகம் மாதிரி இருந்தது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னையில் ஜெமினி, ஏ.வி.எம்., விஜயா-வாகினி என்று ஸ்டூடியோக்களே சொந்தமாகப் படம் எடுத்த காலம். நடிகர் முதல் தச்சர் வரை மாதச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். முதல் தேதி ஆனால் சம்பளம் உண்டு. கணக்குப் பிள்ளைக்கு மேஜை உண்டு.

ஸ்டூடியோக்கள் படம் எடுப்பதைக் குறைத்தன. தளத்தை வாடகைக்கு விட்டன. பிறகு பல ஸ்டூடியோக்களே போய்விட்டன. ஜெமினியின் பெயர் இப்போது மேம்பாலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாகினி இருந்த வடபழனியில் ஆஸ்பத்திரியும், ஷாப்பிங் மாலும் நிற்கின்றன.

தனி முதலாளிகள் வந்தார்கள். வட்டிக்குப் பணம் வந்தது. ஒரு படத்துக்கு ஒரு கம்பெனி, படம் முடிந்தால் கம்பெனிக்குப் பூட்டு என்று ஆயிற்று. மானேஜரின் மேஜை போயிற்று. கையில் ஒரு பை வந்தது. அந்தப் பையில் ரொக்கம், வவுச்சர் புத்தகம், மாத்திரை!

இருந்தும் இந்தத் தொழிலில் இருந்து உயர்ந்தவர்கள் உண்டு. எம்.ஜி.ஆர். நாடக மன்றத்தையும், எம்.ஜி.ஆர். பிக்சர்ஸையும் நிர்வகித்தவர் ஆர்.எம். வீரப்பன். பிறகு அவரே சத்யா மூவீஸ் அதிபர் ஆனார், அமைச்சரும் ஆனார். நிர்வாகம் தெரிந்தவனுக்குப் படம் எடுக்கவும் தெரியும், நாட்டை நிர்வகிக்கவும் தெரியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் எல்லோருக்கும் அந்த யோகம் அடிப்பதில்லையே!

சோறு போட்ட சின்னத்திரை

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. 1993-ல் சன் டி.வி. வந்தது. 1999-ல் "சித்தி" வந்தபோது தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தது. கோடம்பாக்கத்து மானேஜர்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

காரணம் எளிது. படம் என்றால் இரண்டு மாதம் வேலை, நாலு மாதம் சும்மா. சீரியல் என்றால் மாதா மாதம் ஷூட்டிங். வருஷக் கணக்கில் ஓடும். சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் பக்கம் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தால் அதிலேயே மாமியார் வீடு, மருமகள் வீடு எல்லாம் முடிந்து விடும். அவுட்டோர் அலைச்சல் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

ஆனால் சின்னத்திரையில் இழுத்துப் பிடிக்கிற பட்ஜெட். ஒரு நாளில் ஒன்று, ஒன்றரை எபிசோடு எடுத்தால்தான் கட்டுப்படி ஆகும். அதற்கு ஒரு நிமிஷம் வீண் ஆகக் கூடாது. மதியச் சாப்பாடு அரை மணி தாமதம் ஆனாலும் மானேஜருக்குத் திட்டு விழும். ரேட்டிங் குறைந்தால் சீரியலை முடித்து விடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு டப்பிங் சீரியலைப் போட்டால் போச்சு! ஒரு யூனிட்டுக்கே வேலை கிடையாது.

அது மட்டுமா? 2018-ல் தயாரிப்பாளர்கள் போராட்டம் வந்தது. மார்ச் 1 முதல் புதுப்பட ரிலீஸ் இல்லை. மார்ச் 16 முதல் சினிமா ஷூட்டிங்கும் இல்லை. ஏப்ரல் நடுவில்தான் விடிவு. இரண்டே வருஷத்தில், 2020 மார்ச்சில் கொரோனா. மாதக் கணக்கில் கேமரா ஓடவில்லை. மாதச் சம்பளக்காரனுக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது. தினக் கணக்கு ஆளுக்கு? அரிசி மூட்டைதான் வந்தது. அதுவும் நல்ல மனசுக்காரர்கள் கொடுத்தது.

கணக்கு கேட்டது ஓ.டி.டி.!

அதே கொரோனாக் காலத்தில்தான் இன்னொரு கதவும் திறந்தது. நெட்ஃபிளிக்ஸும், அமேசான் பிரைமும் 2016-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. 2020-ல் தியேட்டர் மூடியதும் படங்கள் நேராக அங்கே போயின. "பொன்மகள் வந்தாள்" மே மாதமும், "சூரரைப் போற்று" நவம்பரிலும் வீட்டுக்குள்ளேயே ரிலீஸ் ஆயின. பிறகு தமிழ்த் தொடர்களும் வந்தன. 2022-ல் "சுழல்" வந்தது.

இந்தக் கம்பெனிகள் பணத்தோடு ஒரு பழக்கத்தையும் கொண்டு வந்தன. எல்லாவற்றுக்கும் காகிதம்! ஷூட்டிங்குக்கு முன்னே முழு பட்ஜெட் வேண்டும். வாராவாரம் செலவுக் கணக்கு வேண்டும். பட்ஜெட் தாண்டினால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழைய மானேஜர்கள் பலர் திகைத்துப் போனார்கள். அவர்கள் கணக்கு மனசில் இருந்தது. சிகரெட் அட்டைக்குப் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டரில் இல்லை.

சர்க்கார் கணக்கும் மாறிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பில் இல்லாமல் வாங்கினால் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழிக்க முடியாது. இதுவும் 2017-ல் இறுகிய விதி. பைக்குள் ரொக்கம் வைத்துக்கொண்டு ஷூட்டிங் நடத்திய காலம் மலையேறி விட்டது.

ஆக, இன்றைக்கு யாருக்கு வேலை? கணக்கும் தெரியணும், கம்ப்யூட்டரும் தெரியணும், லைட்மேனிடம் தோளில் கை போட்டுப் பேசவும் தெரியணும். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரை விடமாட்டார்கள். லைன் புரொட்யூசர், எக்சிகியூட்டிவ் புரொட்யூசர் என்று பெயர் உயரும், சம்பளமும் உயரும். ஓ.டி.டி.காரர்கள் முதலில் அள்ளிக் கொடுத்தார்கள், பிறகு கையை இறுக்கினார்கள் என்பதும் உண்மை. கை இறுகும்போதுதான் சிக்கனமாக நடத்தத் தெரிந்த மானேஜருக்கு மதிப்புக் கூடுகிறது.

ஒரு காளைக்கு எத்தனை கையெழுத்து!

பர்மிஷன் வேலையைச் சொன்னால் தலை சுற்றும். கடற்கரையில் கேமரா வைக்க அனுமதி. ரயிலில் எடுக்க ரயில்வே அனுமதி. மாமல்லபுரம் கோயில் என்றால் தொல்லியல் துறை. காடு என்றால் வனத்துறை. மேலே பறக்க விட 2021 டிரோன் விதிகள்.

கதையில் ஒரு காளை மாடு வருகிறதா? விலங்குகள் நல வாரியத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். முன்பு அந்த வாரியம் சென்னையிலேயே இருந்தது. ஆட்டோ பிடித்துப் போய் வரலாம். இப்போது அது அரியானாவில்!

ஒரு குழந்தை நடிக்கிறதா? 2017 விதிப்படி கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பாதித்ததில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் பாங்கில் போட வேண்டும். டைரக்டருக்கு இன்னும் ஒரு டேக் வேண்டும். கடிகாரத்தைக் காட்டி "போதும் சார்" என்று சொல்ல வேண்டியவர் யார்? மானேஜர்தான். சொன்னால் டைரக்டருக்குக் கோபம். சொல்லாவிட்டால் சட்டத்துக்குக் கோபம்.

பழி மட்டும் இவருக்கு

2020 பிப்ரவரி 19-ந் தேதி இரவு பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்தது. உழைக்க வந்த 3 பேர் உயிரிழந்தார்கள். அந்த இரவை யூனிட்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

விபத்து நடந்தால் போலீசும் முதலில் கேட்பது, "இங்கே பொறுப்பு யார்?" என்பதுதான். கிரேன் யாருடையது, இயக்கியவர் யார், இன்ஷூரன்ஸ் உண்டா, ஆம்புலன்ஸ் நின்றதா என்று எல்லாக் கேள்வியும் மானேஜர் பக்கம் திரும்பும். பொறுப்பு உண்டு, அதிகாரம் உண்டா? "இந்த இடத்தில் இந்த நேரத்தில் இதைச் செய்யக்கூடாது" என்று நிறுத்துகிற உரிமை அவருக்கு எந்தக் காகிதத்திலாவது எழுதப்பட்டிருக்கிறதா? வாய்ப்பேச்சில் வேலைக்கு வந்த ஆளுக்கு அந்த உரிமை எங்கே இருந்து வரும்?

பணத்திலும் இதே கதைதான். முதலாளியிடம் பணம் வராது. டீசல்காரர், மெஸ்காரர், வேன்காரர் எல்லோரும் மானேஜர் முகத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தார்கள். படம் நின்றால் முதலாளி போனை எடுக்க மாட்டார். கடன்காரர்கள் மானேஜர் வீட்டு வாசலில். சொந்தச் சம்பள பாக்கியைக் கேட்கப் போனவர், மற்றவர்கள் பாக்கிக்குப் பதில் சொல்லி விட்டுத் திரும்புவார். பாவம்!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. சினிமாத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் 1981-லேயே சட்டம் போட்டது. 2020-ல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. டி.வி. சீரியல், இணையத் தொடர் வேலைகளும் அதில் வந்துவிட்டன.

40 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் ஒப்பந்தம் உண்டு. கோடம்பாக்கத்தில் "நம்பிக்கை" உண்டு!

"சினிமா நம்பிக்கைத் தொழிலப்பா. பத்திரம் எழுதினா ஆபீசு மாதிரி ஆயிடும்" என்று சில முதலாளிகள் சொல்வதுண்டு. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சின்ன முதலாளி, நகையை அடகு வைத்துப் படம் எடுக்கிறவர், அவருக்கே அடுத்த வாரப் பணம் எங்கே இருந்து வரும் என்று தெரியாது. ஆனால் அவரே ஹீரோவிடம் எழுதி வாங்குகிறார். பைனான்சியரிடம் எழுதிக் கொடுக்கிறார். ஓ.டி.டி.காரரிடம் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுகிறார். அங்கே எல்லாம் காகிதம். மானேஜரிடம் மட்டும் நம்பிக்கையா?

மூன்று காரியம் நடந்தால் போதும்.

முதலாவது, பூஜைக்கு முன்னே மானேஜருக்கு ஒரு பக்க ஒப்பந்தம். எத்தனை நாள், என்ன சம்பளம், எந்தத் தேதியில் எவ்வளவு என்று நாலு வரி போதும். ரிலீசுக்கும் சம்பளத்துக்கும் முடிச்சுப் போடக்கூடாது. 

இரண்டாவது, ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்துகிற உரிமையும் அதே காகிதத்தில் வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. கல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட்டில் தயாரிப்புக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவுக்குப் பெயர் வாங்கிய நம் தரமணியிலும் அதுபோல் ஒன்று வேண்டும். முழுப் படிப்பு வேண்டாம், பட்ஜெட், ஜி.எஸ்.டி., பாதுகாப்பு, பர்மிஷன் என்று ஆறு மாதப் பயிற்சி போதும். ஃபெப்சியும், தயாரிப்பாளர் சங்கமும் கூடி உட்கார்ந்தால் முடியாத காரியமா? வவுச்சர் தூக்கிக்கொண்டு வளர்ந்த பெரியவர்களையே வாத்தியாராக உட்கார வைக்கலாம். ஆளைச் சமாளிக்கிற வித்தை எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. அது அவர்களிடம்தான் இருக்கிறது.

வரப்போகிற வேலை

இதை இப்போதே செய்யக் காரணமும் உண்டு. பூந்தமல்லி அருகே ரூ.500 கோடியில் நவீன திரைப்பட நகரம் என்று தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. வெளிநாட்டுப் படங்கள் இந்தியாவில் எடுத்தால், இங்கே செய்த செலவில் 40 சதவீதம் வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு திருப்பித் தருவதாக மத்திய அரசு 2023 நவம்பரில் சொன்னது. "லைஃப் ஆஃப் பை" படத்தின் ஒரு பகுதி புதுச்சேரியில்தானே எடுக்கப்பட்டது! அந்த மாதிரிப் படம் வந்தால் உள்ளூர் நிர்வாகிகள் வேண்டும். ஆனால் அந்தப் பணம் தணிக்கை செய்த கணக்குக்குத்தான் திரும்பும். சிகரெட் அட்டைக் கணக்குக்குத் திரும்பாது. நாம் ஆள் தயார் செய்யாவிட்டால் பம்பாயில் இருந்தும், ஐதராபாத்தில் இருந்தும் வருவார்கள். வேலை இங்கே, சம்பளம் அங்கே!

பி.காம். படித்துவிட்டு வேலை தேடுகிற பையன்கள் இந்தப் பக்கம் வரலாம். பெண்களும் வரலாம், வந்துகொண்டும் இருக்கிறார்கள். காலையில் சீக்கிரம் எழத் தெரிய வேண்டும். திட்டு வாங்கிக்கொண்டு சிரிக்கத் தெரிய வேண்டும். காசு விஷயத்தில் கை சுத்தமாக இருக்க வேண்டும். இந்த ஊரில் மானேஜருக்கு மூலதனம் அவர் பெயர் ஒன்றுதான். ஒரு வவுச்சரில் கை வைத்தால் ஒரே வாரத்தில் வடபழனி முழுக்கத் தெரிந்துவிடும்.

முதல் நாள் அட்வான்ஸ் வாங்கும்போதே, "சார், ஒரு பேப்பர்ல எழுதிடலாமா?" என்று கேட்கிற தைரியமும் வேண்டும். கேட்டதற்காக ஒரு முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் கவலை வேண்டாம். எழுதிக் கொடுக்க மனசில்லாதவர் எண்ணிக் கொடுக்கவும் மாட்டார்.

மற்ற எல்லோருக்கும் தினம் பேட்டா எண்ணிக் கொடுக்கிற கை அது. அந்தக் கைக்கும் ஒருவர் ஒழுங்காக எண்ணிக் கொடுக்க வேண்டாமா?